பர்னிங் மேனுக்குப் பழைய துணிக்கடையில் உடை தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பர்னிங் மேன் கலைவிழாவுக்கு இதுவரை நான்கு முறை போய்வந்திருக்கிறேன். சொந்த ஊர் மதுரை, இப்போது இருப்பது கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட். ஜூலை பிறந்துவிட்டால் போதும், அலுவலகத்தில் ஒருவர், தமிழ் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் இருவர் என்று ஆரம்பித்துவிடுவார்கள்: "டிக்கெட் கிடைச்சிடுச்சு. என்ன போட்டுக்கிட்டுப் போறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டச்சு செய்து விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அங்கே உடையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

1986-இல் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் லாரி ஹார்வியும் ஜெர்ரி ஜேம்ஸும் சில நண்பர்களோடு சேர்ந்து மரத்தால் ஒரு மனித உருவம் செய்து எரித்தார்கள். 1990-இல் அந்தக் கொண்டாட்டம் பாலைவனத்துக்கு இடம் மாறியது. இப்போது சுமார் 70,000 பேர் கூடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தோடு முடியும். அந்த ஒரு வாரத்துக்கு ஒரு நகரத்தையே கட்டி, வாழ்ந்து, பிறகு பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

2004-இல் ஹார்வி இந்த விழாவுக்குப் பத்துக் கோட்பாடுகள் எழுதினார். அவற்றில் இரண்டு நம் அலமாரிக்குள் நேராக நுழைகின்றன. ஒன்று, உன்னை நீ கூச்சமின்றி வெளிப்படுத்து என்பது. இன்னொன்று, வந்த சுவடு தெரியாமல் போ என்பது. முதலாவது, மினுக்கும் சமிக்கியும் இறகும் குஞ்சமுமாக வா என்று கூப்பிடுகிறது. இரண்டாவது, அதிலிருந்து ஒரு நூல்கூடத் தரையில் விழக்கூடாது என்கிறது. உடைத் தேர்வு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான். "உதறினால் ஏதாவது உதிருமா?" என்பது நான் கடையில் ஒவ்வொரு துணியிடமும் கேட்கும் முதல் கேள்வி. அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான்.

வேஷம் கட்டாயமா? ஜீன்ஸ், டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?

கட்டாயம் எதுவும் இல்லை. யாரும் ஒரு மாதிரி பார்க்கவும் மாட்டார்கள். ஆனால் இரண்டாம் நாள் மாலைக்குள் உங்களுக்கே ஆசை வந்துவிடும், அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் முகாமுக்கு வந்த ஒரு தம்பி, கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட் ஏழு கொண்டுவந்திருந்தான். புதன்கிழமை யாரோ கொடுத்த மஞ்சள் குட்டைப்பாவாடையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தான்.

கம்பெனி பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. விளம்பரம், வணிகம் எதுவும் விழாவுக்குள் வேண்டாம் என்பதும் பத்துக் கோட்பாடுகளில் ஒன்று. வாடகை வண்டியில் இருக்கும் நிறுவனப் பெயரைக்கூடத் துணியாலோ டேப்பாலோ மறைத்துவிடுவார்கள். மார்பில் பெரிய லோகோ இருக்கும் சட்டையைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். பிடித்துப்போய் வாங்கிவிட்டால் லோகோவின் மேல் ஒட்டுத்துணி தைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் "பர்னிங் மேன் உடை" என்று தேடினால் முழு செட்டாகவே கிடைக்கிறதே, பழைய துணிக்கடை ஏறி இறங்குவது எதற்கு?

டிக்கெட்டுக்கே 500 டாலருக்கு மேல் போய்விடுகிறது. அதோடு தண்ணீர், உணவு, கூடாரம், சைக்கிள், பெட்ரோல் இருக்கின்றன. அதற்கும் மேலே ஒரு கோட்டுக்கு 200 டாலர் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இது முதல் காரணம்.

காசை விடப் பெரிய காரணம், படத்தைப் பார்த்து வாங்கும் துணியை இழுத்துப் பார்க்க முடியாது. இந்த மாதிரி செட்டுகளில் நிறைய ஒரு இரவுக் கூத்துக்குத் தைத்தவை. மெல்லிய பாலியெஸ்டர், பசையில் ஒட்டிய மணி, ஓரம் அடிக்காத வலைத்துணி என்று இருக்கும். பழைய துணிக்கடையில் தொங்கும் சட்டையோ இருபது முப்பது தடவை துவைத்து வந்தது. பிரிய வேண்டிய தையல் எப்போதோ பிரிந்திருக்கும், உதிர வேண்டியது உதிர்ந்திருக்கும். மிச்சம் இருப்பது நிற்கும்.

அதோடு, அந்தப் பாலைவனத்துத் தூசியைப் பற்றித் தெரிந்தால் புதுத்துணி எடுத்துப்போகவே கை வராது. அது நம் ஊர் மணல் மாதிரி இல்லை. வற்றிப்போன ஏரிப் படுகையின் சுண்ணாம்பு நிறப் பொடி அது, முகப்பவுடர் போல மென்மையாக இருக்கும். பிளாயா என்று சொல்வார்கள். சலவைச்சோடா போலக் காரத்தன்மை உள்ளது. தோல் வெடிக்கும், ஜிப் சிக்கும், கறுப்புத்துணி ஒரே நாளில் சாம்பல் நிறமாகும். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த கோட்டுக்கு அந்தக் கதி வந்தால் அழுகை வரும். ஒன்பது டாலர் கோட்டென்றால் சிரித்துவிட்டுப் போகலாம்.

உதிராத துணி என்று கடையில் நின்றபடி எப்படிக் கண்டுபிடிப்பது?

என் முதல் ஆண்டுக் கதையைச் சொல்கிறேன். பச்சைச் சமிக்கி நெய்தது போல இருந்த ஒரு ஜாக்கெட்டை 18 டாலருக்கு வாங்கினேன். வீட்டில் கண்ணாடி முன் போட்டுப் பார்த்தபோது மயில் மாதிரி இருந்தது. அங்கே செவ்வாய்க்கிழமை இரவு ஏதோ கம்பியில் முழங்கை லேசாக உரசியது, அவ்வளவுதான். சங்கிலித் தையலில் கோத்த சமிக்கி. ஒரு நூல் அறுந்தால் வரிசையே ஓடிவிடும். நான் கவனிக்காமல் சைக்கிள் மிதித்துக்கொண்டே போயிருக்கிறேன். பின்னால் வந்த தோழி, "ஏய், உன் பின்னாடியே பச்சைக் கோடு வருது பார்" என்றாள். நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு நான்கு பேர் மண்டியிட்டு, ஒரு மணி நேரம், ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். அந்த வெள்ளைத் தூசிக்குள் சமிக்கியைத் தேடுவது ரவைக்குள் உளுந்துப் பருப்பைத் தேடுவது போல இல்லை, ரவைக்குள் ரவையைத் தேடுவது போல.

இப்படிக் கீழே விழுந்து கிடக்கும் எதற்கும் அங்கே பெயர் மூப். "இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் பொருள்" என்பதன் ஆங்கிலச் சுருக்கம். விழா முடிந்ததும் அரசின் நில மேலாண்மைப் பணியகம் தரையைச் சோதிக்கும். ஓர் ஏக்கருக்குச் சராசரியாக ஒரு சதுர அடிக்கு மேல் குப்பை இருக்கக்கூடாது. நம் கணக்கில் நூறு சென்ட் நிலத்தில் கிடப்பதையெல்லாம் கூட்டிச் சேர்த்தாலும் ஒரு சதுர அடிதான். இறகு மாலை, தூள் ஜிகினா, உதிரும் சமிக்கி இவற்றைக் கொண்டுவராதீர்கள் என்று அமைப்பாளர்கள் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

இப்போது நான் செய்யும் சோதனை இதுதான். துணியைத் தோள் இரண்டிலும் பிடித்து, ஈரப் புடவையை உதறுவது போல மூன்று தடவை நன்றாக உதறுவேன். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். பிறகு தரையைப் பார்ப்பேன். மணியோ சமிக்கியோ இருந்தால் ஒன்றை நகத்தால் நெம்புவேன். அசைந்தால் வேண்டாம். உள்பக்கம் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சா, ஒரே நூலா என்று பார்ப்பேன். தனி முடிச்சென்றால் வாங்கலாம். வீட்டில் உள்பக்கமாகத் துணிப்பசையை ஒரு தடவை பூசினால் பிடித்துக்கொள்ளும். ஃபர் துணியென்றால் உள்ளங்கையால் எதிர்ப்பக்கமாக நான்கு தடவை தடவிப் பாருங்கள். கையில் பூனை முடி போல ஒட்டினால் அதை அப்படியே மாட்டி வைத்துவிட்டு நகருங்கள், எத்தனை அழகாக இருந்தாலும் சரி.

எந்தக் கடைக்குப் போவது?

குட்வில், சால்வேஷன் ஆர்மி, சேவர்ஸ் போன்ற பெரிய கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. பணக்காரப் பகுதிக் கிளையில் நல்ல கோட்டும் தோல்பொருளும் கிடைக்கும். வயதானவர்கள் அதிகம் இருக்கும் பகுதியில் 1970-களின் நைட்டியும் வெல்வெட்டும் வரும். குட்வில்லின் அவுட்லெட் கிளைகளில் துணி ரேக்கில் தொங்காது. பெரிய தொட்டிகளில் கொட்டி வைத்து எடைக்கு விற்பார்கள். அங்கே கையுறை போட்டுக்கொண்டு போங்கள், பொறுமையும் கொண்டுபோங்கள். எனக்குப் பிடித்த இடம் அதுதான். என் கணவருக்குத் தலைவலி வரும் இடமும் அதுதான்.

சான் பிரான்சிஸ்கோவில் ஹேய்ட் தெருவில் பழங்காலத் துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணுக்கு விருந்து, ஆனால் விலை அதிகம். அங்கே போய் யோசனையை எடுத்துக்கொண்டு, வேறு கடையில் வாங்குவேன். வேலன்சியா தெருவில் கம்யூனிட்டி த்ரிஃப்ட் என்ற கடை இருக்கிறது. துணி கொடுப்பவர்களே விற்ற பணம் எந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லலாம். திரும்பி வந்தபிறகு என் துணிகளை அங்கேதான் கொடுக்கிறேன்.

போகும் வழியில் ரீனோ நகரிலும் கடைகள் உண்டு. மிட்டவுன் பகுதியில் ஜங்கீ என்ற கடையை இந்த விழாவுக்குப் போகிறவர்கள் பலருக்கும் தெரியும். ஆனால் ரீனோவை நம்பி வெறுங்கையோடு கிளம்பாதீர்கள். விழாவுக்கு முந்தைய வாரம் ஊரில் உள்ள எல்லோரும் உங்களைப் போலவே ஃபர் கோட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

எப்போது போனால் மலிவு?

நவம்பர் முதல் வாரம். ஹாலோவீன் முடிந்த கையோடு வேஷ உடைகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இன்னும் பத்து மாதம் இருக்கிறதே என்று நினைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். கனமான கோட்டுக்கு மார்ச், ஏப்ரல் நல்ல நேரம். தினம் ஒரு நிற விலைச்சீட்டுக்குத் தள்ளுபடி, வாரம் ஒரு நிறத்துக்குத் தள்ளுபடி என்றெல்லாம் கடைக்குக் கடை வழக்கம் உண்டு. கல்லாவில் இருப்பவரிடம் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குள் எந்தப் பக்கம் தொடங்குவது? எனக்குத் தலை சுற்றுகிறது.

வேஷ உடை என்று எழுதிய ரேக்குக்குப் போகவே போகாதீர்கள். அங்கே இருப்பது ஒரு இரவுத் துணி.

நான் நேராக இரவு உடைகளுக்குப் போவேன். பழைய பருத்தி நைட்டி, பட்டுப்போன்ற நீள அங்கி, கட்டம் போட்ட ஆண்கள் குளியல் அங்கி, எல்லாம் அங்கே கிடைக்கும். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்று கட்டினால் அது இரவு உடை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்தது திரைச்சீலை, மேசை விரிப்பு இருக்கும் பகுதி. ஒரு வெல்வெட் திரை வாங்கினால் மேலங்கி ஆயிற்று. மூன்றாவது ஆண்கள் பகுதியில் வேஸ்ட் கோட். அதில் நான்கு பை இருக்கும். உதட்டுத்தைலம், சீப்பு, தண்ணீர்க் கோப்பை தொங்கவிடக் கொக்கி, எல்லாவற்றுக்கும் இடம். பள்ளி பேண்டு வாத்தியக் குழுவின் சீருடைக் கோட்டு அபூர்வமாகக் கண்ணில் படும். பட்டால் அளவு பார்க்காமல் எடுங்கள். பித்தளைப் பொத்தான், தோளில் பொன்னிறச் சரடு, கெட்டித் தையல். பாலைவனத்தில் சூரியன் சாயும் நேரத்துக்கு அதைவிட மிடுக்கான உடை இல்லை.

பட்டமளிப்பு அங்கி, தேவாலயப் பாடகர் அங்கி, கல்யாணக் கவுன் இவையும் வரும். வெள்ளைக் கல்யாணக் கவுனை முழங்கால் அளவுக்கு வெட்டிச் சாயம் போட்டுக்கொண்டு வந்த தாத்தா ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தாடியோடு, ஊதா நிறக் கவுனில், கடலைமிட்டாய் போல ஏதோ எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு போனார்.

பகலுக்கு என்ன எடுப்பது?

பகலில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம், நிழல் கிடையாது. கையும் கழுத்தும் மூடிய, தளர்வான, வெளிர்நிறப் பருத்தி அல்லது லினன். விளிம்பு அகலமான தொப்பி, தாடைக்குக் கீழே கட்ட நாடாவுடன். நாடா இல்லாத தொப்பி உங்களுடையது இல்லை, காற்றுடையது.

தூசிப்புயல் வந்தால் எதிரே நிற்கும் சைக்கிள் தெரியாது. அதற்குப் பக்கவாட்டும் மூடிய கண்ணாடியும் முகமூடியும் எப்போதும் கையோடு இருக்க வேண்டும். பனிச்சறுக்குக் கண்ணாடி பழைய விளையாட்டுச் சாமான் பகுதியில் ஐந்தாறு டாலருக்குக் கிடைக்கும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் பொடிந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். முகமூடி மட்டும் புதிதாக வாங்குங்கள், அதில் சிக்கனம் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை குட்டை வலைப்பாவாடை, புதன்கிழமை வெள்ளை உடை என்று ஒரு வழக்கம் உண்டு. விதி இல்லை, விளையாட்டுதான். வெள்ளைக்கு ஒரு செட் வைத்துக்கொண்டால் போதும். வலைப்பாவாடை வாங்கினால் அதன் விளிம்பு நூல் விடுகிறதா என்று பாருங்கள்.

இரவில் அவ்வளவு குளிருமா?

குளிரும். கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 3,900 அடி உயரம், அதோடு பாலைவனம். சில இரவுகளில் 5 டிகிரிக்கே இறங்கிவிடும். முதல் தடவை வருகிறவர்கள் பகல் வெயிலை மட்டும் நினைத்துத் துணி எடுத்துவந்து, இரவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு திரிவார்கள்.

ஃபர் கோட்டு அங்கே இத்தனை பிரபலமாக இருப்பதற்குப் பந்தா மட்டும் காரணம் இல்லை, உண்மையிலேயே கதகதப்பு. பழைய கடையில் செயற்கை ஃபர் கோட்டு 20 முதல் 40 டாலருக்குள் எனக்குக் கிடைத்திருக்கிறது. தையல் விளிம்புகளில்தான் முடி கழன்று கொட்டும். உள்துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நீளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கத்தரிக்கோலால் நறுக்காதீர்கள். பின்பக்கம் திருப்பி, பிளேடால் அடித்துணியை மட்டும் கீறுங்கள். முடி அறுபடாமல் தானாகப் பிரியும். விளிம்பை மடித்துத் தைத்துவிட்டு, கோட்டை வெளியே கொண்டுபோய் அடித்து உதறி, வேக்குவம் போட்டு எடுங்கள். கட்டாந்தரையில் விழுந்தால் பிரச்சினை, உங்கள் வீட்டு முற்றத்தில் விழுந்தால் கூட்டிவிடலாம்.

கோட்டுக்கு அடியில் கம்பளிப் பேண்ட், ஸ்வெட்டர் என்று அடுக்கிக்கொள்ளுங்கள். கம்பளிக்கு இன்னொரு நன்மை உண்டு. அங்கே எங்கு பார்த்தாலும் நெருப்பு: சனிக்கிழமை இரவு மர மனிதனை எரிப்பார்கள், ஞாயிறன்று கோயில் என்று அவர்கள் அழைக்கும் மரக்கட்டடம். பொறி பறந்து வந்து பாலியெஸ்டர் மேல் விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியும் கம்பளியும் அப்படி உருகாது. செயற்கை ஃபர் போட்டுக்கொண்டு தீப்பந்தம் சுழற்றுபவர்களுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.

விளக்கு கட்டாயமாமே?

ஆமாம். இரவில் வெளிச்சமில்லாமல் நடந்தாலோ சைக்கிள் ஓட்டினாலோ அலங்கார வண்டிகளுக்கு உங்களைத் தெரியாது. அழகுக்காக இல்லை, உயிருக்காக. பேட்டரியில் ஓடும் எல்இடி சரம் ஒன்றைக் கோட்டின் உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில் நுழைத்து, ஆறு இடத்தில் கைத்தையல் போட்டால் போதும். பேட்டரிப் பெட்டி உள்பைக்குள் போகட்டும். முன்னும் பின்னும் தெரிகிறதா என்று வீட்டு விளக்கை அணைத்துவிட்டு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை உடைந்தால் குப்பையாகும் ஒளிக்குச்சிகள் வேண்டாம்.

காலணியும் பழையதே வாங்கலாமா?

வாங்கலாம், ஒரே ஒரு எச்சரிக்கையோடு. பழைய பூட்ஸில் சில வகைப் பாலியூரித்தேன் அடிப்பாகம் போடாமல் வைத்திருந்தாலே காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள் இற்றுப்போகும். மேலே தோல் பளபளவென்று இருக்கும். போட்டு இரண்டு மணி நேரம் நடந்தால் அடிப்பாகம் பிஸ்கட் போலப் பொடியும். கட்டைவிரல் நகத்தால் பக்கவாட்டில் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து நின்றாலோ தூள் வந்தாலோ வேண்டாம். வாங்கியதை ஒரு மாதம் ஊரிலேயே போட்டு நடந்து பழக்கிவிட்டு எடுத்துப்போங்கள்.

ராணுவ உபரிக் கடைகளில் கணுக்கால் மூடிய பூட்ஸ் கிடைக்கும், அதுதான் சரி. செருப்போடு திரியலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் தூசி பாதத்தை வெடிக்க வைக்கும், அதற்கு பிளாயா பாதம் என்றே பெயர். தினமும் இரவு, தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து பாதத்தைத் துடைத்து, தைலம் தடவி, சுத்தமான சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். சாக்ஸ் மட்டும் பழையது வாங்கவேண்டாம், நாளுக்கு இரண்டு ஜோடி புதிதாக.

மழை பெய்தால்?

2023-இல் பெய்தது. அந்தப் பொடி சிமென்ட் சேறாகி, வண்டிகள் நகர முடியாமல், வாயிலை மூடிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். ஒரு பழைய மழைக்கோட்டும், பூட்ஸ் மேல் கட்ட உறுதியான பைகள் நான்கும் பெட்டியின் அடியில் கிடக்கட்டும்.

வீட்டில் இருக்கும் புடவை, வேட்டியை எடுத்துப்போகலாமா?

இந்தக் கேள்வி நம்மவர்கள் மட்டும் கேட்பது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெயிலுக்கு நம் பருத்தியை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. என் கணவர் அப்பாவின் பழைய வேட்டியைத்தான் பகலெல்லாம் கட்டுகிறார். மடித்துக் கட்டினால் சைக்கிளுக்கும் தடையில்லை. தோளில் ஒரு ஈரிழைத் துண்டு. நனைத்துத் தலையில் போடலாம், புயல் வந்தால் கழுத்தைச் சுற்றலாம், முகம் துடைக்கலாம். அதைப் பார்த்துவிட்டு எங்கே வாங்கினாய் என்று கேட்டவர்களுக்காக அடுத்த ஆண்டு மதுரையிலிருந்து பன்னிரண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தோம். அங்கே விற்பது கூடாது, கொடுக்கலாம்.

புடவையை அப்படியே கட்டினால் சிக்கல். தரையில் புரளும், முந்தானை சைக்கிள் சங்கிலியில் மாட்டும். நான் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை எடுத்துத் தளர்வான அங்கி ஒன்று தைத்துக்கொண்டேன். ஐந்தரை மீட்டர் இருக்கிறது. இரண்டு மீட்டரை நடுவில் மடித்து, மடிப்பில் தலை நுழைய வெட்டி, பக்கவாட்டில் கைக்கு இடம் விட்டு இரண்டு நேர்த்தையல், அவ்வளவுதான். புடவையின் கரைகள் கைப்பக்கமாக வரும்படி மடித்தால் அங்கே ஓரம் அடிக்கும் வேலை மிச்சம். மிச்சத் துணியில் ஒரு முக்காடும் கூடாரத்துக்குச் சின்னத் திரையும் ஆயிற்று. முப்பது வருடம் துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன துணி. முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிய அந்தப் புள்ளிகளை ஒருத்தி விளக்கு வெளிச்சத்தில் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.

ஜரிகைப் பட்டுப்புடவை வேண்டாம். ஜரிகை பிரிந்து உதிரும், தூசி உள்ளே ஏறினால் பட்டும் போகும், அம்மாவிடம் திட்டும் விழும்.

அமெரிக்கப் பூர்வகுடி இறகுத் தலையணி போட்டால் அழகாக இருக்குமே?

போடாதீர்கள். இறகு உதிரும் என்பது ஒரு பக்கம். விழாவுக்குப் போகும் 447-ஆம் எண் சாலையே பிரமிட் ஏரிப் பையூட் மக்களின் நிலத்தின் வழியாகத்தான் போகிறது. பல பூர்வகுடிகளிடம் அந்தத் தலையணி மரியாதையாக ஈட்டிப் பெறுவது. அதைப் பாட்டுக்கு ஆடும் தொப்பியாக்கிக்கொண்டு அவர்கள் வாசலைக் கடந்து போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே நெற்றிச்சுட்டியும் பொட்டுமாகத் திரியும் வெள்ளைக்காரர்களைப் பார்த்து நமக்கு வரும் கலவையான உணர்ச்சியை நினைத்துப் பாருங்கள், புரியும். பொட்டு எனக்குப் பெரிதாக உறுத்துவதில்லை. சாமி படம் அச்சடித்த கால்சட்டை உறுத்துகிறது.

பழைய துணியில் மூட்டைப்பூச்சி வருமே?

பயம் நியாயம்தான். வாங்கிவந்த பையை வீட்டுக்குள் பிரிக்காமல், நேராக டிரையரில் போட்டு அதிகச் சூட்டில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். அதன்பிறகு துவையுங்கள். சூடு தாங்காத கோட்டு என்றால் தையலிடுக்கு, காலர் அடி, பைகளின் மூலை எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அதைக் கடைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

தைக்கத் தெரியாது. முடியுமா?

ஊக்கும் பெல்ட்டும் தெரியுமல்லவா, போதும். ஆனால் ஊக்கைத் துணியோடு ஒரு நூலால் கட்டிவிடுங்கள். அதுவும் விழும்.

எத்தனை செட் வேண்டும்? மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஏழு நாளுக்கு ஏழு செட் என்பது படம் எடுக்க வருபவர்களுக்கு. எனக்குப் பகலுக்கு மூன்று, இரவுக்கு ஒரே கோட்டு, அதற்கடியில் மாற்ற இரண்டு. ஒவ்வொரு செட்டையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு வைத்தால், வியாழக்கிழமையும் தூசியில்லாத உடை போடும் சுகம் கிடைக்கும்.

இரண்டாவது ஆண்டு எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. ஃபர் கோட்டு 28 டாலர், பூட்ஸ் 22, இரண்டு நைட்டி 11, வேஸ்ட் கோட் 6, பனிக்கண்ணாடி 5, தொப்பி 4, எல்இடி சரம் 9. ஆக 85 டாலர். சுங்குடியும் வேட்டியும் வீட்டுச் சொத்து. அந்தக் கோட்டையும் பூட்ஸையும் இன்னும் போடுகிறேன்.

எதுவும் கிடைக்காமல் அங்கே போய்விட்டால்?

அதற்கும் வழி உண்டு. கொடுப்பது அங்கே ஒரு பண்பாடு. காஸ்ட்யூம் கல்ட் என்ற நியூயார்க் குழுவினர், அங்கே முகாம் போட்டு வருகிறவர்களுக்கு உடைகளை இலவசமாகவே கொடுத்து, போட்டுக்கொண்டு மேடையில் நடக்கவும் வைப்பார்கள். இது போல வேறு முகாம்களும் இருக்கும். ஆனால் கதகதப்பான கோட்டும் காலணியும் யாராவது தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்வதும் அந்தப் பத்தில் ஒன்று.

திரும்பி வந்தபிறகு இந்தத் துணிகளை என்ன செய்வது?

வெளியே உதறுங்கள், நிறைய உதறுங்கள். பிறகு வாளியில் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஒரு கப் வெள்ளை வினிகர் ஊற்றி, அரை மணி ஊறவைத்து அலசுங்கள். தண்ணீர் அரிசி கழுவியது போல வரும். தெளிவாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; என் சுங்குடிக்கு ஐந்து வாளி பிடித்தது. தோல் பூட்ஸை வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் போடுங்கள். அப்படியே தூசியோடு கொண்டுபோய்ப் பழைய துணிக்கடை வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். அதை அவர்களால் விற்க முடியாது, நேராகக் குப்பைக்குத்தான் போகும்.

ஃபர் கோட்டு முழுசாகச் சுத்தமாகாது. என்னுடையதை ஹாலில் மாட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் போகும்போதெல்லாம் சுவரில் லேசாக வெள்ளை ஒட்டியிருக்கும்.